ராத்திரி இருமல்

சிங்கப்பூரின் தேக்காவைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மாலை சற்று நேரம் நின்றால் போதும். "அண்ணே, இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்க. சளியெல்லாம் இல்ல, வறட்டு இருமல்" என்ற குரல் எப்படியும் காதில் விழும். கேட்பவர் பெரும்பாலும் கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை பார்க்கும் தம்பியாக இருப்பார். அவருடைய கவலை தன் நெஞ்சைப் பற்றியதல்ல. தங்குவிடுதி அறையில் உடன் படுத்திருப்பவர்களின் தூக்கத்தைப் பற்றியது. விடிவதற்குள் லாரி ஏற வேண்டியவர்கள் அவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் இருமத் தொடங்கினால் அறையே விழித்துக்கொள்ளும்.

அவருக்கு சிரப் கிடைத்துவிடுகிறது. "எத்தனை வாரமா இருக்கு? ராத்திரியிலதான் அதிகமா? எந்த ஊரு தம்பி?" என்று கேட்பவர்தான் கிடைப்பதில்லை. எந்த ஊர் என்பதை ஊர்ப்பாசத்துக்காகச் சொல்லவில்லை. மருத்துவத்தில் அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. ஊருக்கும் இருமலுக்கும் என்ன தொடர்பு என்று தேடியவர்களில் முக்கியமான சிலர் இதே சிங்கப்பூரில்தான் இருந்தார்கள்.

1940-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். காசநோய் என்று அனுப்பப்பட்டவர்களில் சிலருக்குக் காசநோயே இல்லை. இரவில் விடாத இருமல், இளைப்பு, எக்ஸ்ரேயில் நுரையீரலெங்கும் புள்ளிகள். ஆனால் சளியில் கிருமி இல்லை. ரத்தத்தில் மட்டும் இயோசினோபில் என்ற வெள்ளணு அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து வைங்கார்டன் இதற்கு வெப்பமண்டல இயோசினோபிலியா என்று பெயரிட்டார். அந்தக் காலத்து வைத்தியம் ஆர்சனிக் கலந்த மருந்து. பலன் கொடுத்தது. ஏன் கொடுக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை.

சிங்கப்பூரில் இந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர் டாக்டர் டி. ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் தலைவரானவர். அங்குள்ள மருத்துவ நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே நகரத்தில் வாழ்ந்தும், இந்த இருமலோடு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்களாகவே இருந்தார்கள். யானைக்கால் நோய்க்குத் தரும் டைஎதில்கார்பமசைன் மாத்திரையால் இது தீர்கிறது என்று 1958-இல் அவர் எழுதினார். அப்படியானால் காரணமும் யானைக்கால் புழுதானா? ரத்தத்தில் தேடினால் புழுக்குஞ்சு அகப்படவில்லை. 1966-இல் அவரும் நோயியல் அறிஞர் சண்முகரத்தினமும் பால் பீவர் முதலிய அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதற்குத் தெளிவான பதில் இருந்தது. நோயாளிகளின் நுரையீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது புழுக்குஞ்சுகள் அங்கே சிக்கிக் கிடந்தன. கொசு வழியாக வந்த புழுவை உடல் மிகையாக எதிர்க்கிறது. குஞ்சுகளை ரத்தத்தில் உலவ விடாமல் நுரையீரலில் பிடித்து அழிக்கிறது. அந்தச் சண்டைதான் இருமல். (இந்தச் சண்முகரத்தினம் இன்றைய அதிபர் தர்மனின் தந்தை. சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவகத்தைத் தொடங்கியவரும் அவரே.)

இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் பொங்கும். நம் மக்களின் ராத்திரி இருமலைப் பொருட்படுத்தி, அதன் மூலத்தைத் திசு வரை தேடிப் போன மனிதர்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு டைஎதில்கார்பமசைன் மாத்திரை புதிதல்ல. யானைக்கால் தடுப்புக்காக வீடு வீடாக வந்து கொடுத்த அதே மாத்திரைதான். ஆனால் கொசுவால் பரவும் யானைக்கால் நோயையே காணாமல் வளர்ந்த இளம் மருத்துவர் ஒருவருக்கு இந்த நோய் சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். ஊர்ப்பெயரைச் சொன்னால் வரும்.

எல்லா வறட்டு இருமலும் புழுவால் வருவதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோ பாயோவில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு மாதக்கணக்கில் தொண்டை அரித்து அரித்து இருமல் வந்தது. சித்தி சிராங்கூன் சாலையில் சித்தரத்தையும் அதிமதுரமும் பனங்கற்கண்டும் வாங்கி வந்து விடாமல் கஷாயம் வைத்தார். கடைசியில் குற்றவாளி, ரத்த அழுத்தத்துக்கு அவர் விழுங்கிய எனலப்ரில். அந்த வகை மாத்திரைகள் பிராடிகினின் என்ற பொருள் உடலில் சிதையாமல் தடுக்கின்றன. அது தேங்கி மூச்சுக்குழாய் நரம்புகளை உறுத்துகிறது. சீனர்களிடம் இந்த இருமல் இன்னும் அதிகம். மருத்துவர் லொசார்ட்டனுக்கு மாற்றினார், சில வாரங்களில் இருமல் அடங்கியது. இதில் எனக்குத் திக்கென்றது வேறொன்று: அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். சித்தியின் அன்பில் குறையில்லை. கஷாயத்தைப் பற்றி மருத்துவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். ரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

ஆஸ்துமாவும் சில நேரம் இளைப்பே இல்லாமல் இருமலாக மட்டும் வரும். இரைப்பை அமிலம் மேலேறுவது, மூக்குச்சளி தொண்டைக்குப் பின்னால் இறங்குவது, சிமெண்டுத் தூசி, சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் என்று பட்டியல் நீளும். எட்டு வாரம் தாண்டினால் அதை நாள்பட்ட இருமல் என்பார்கள். ஆனால் எட்டு வாரம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் காசநோயா என்று பார்த்துவிட வேண்டும் என்பதே இங்குள்ள சுகாதார அறிவுரை. சளியில் ரத்தம், எடைக் குறைவு, இரவு வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அந்த மூன்று வாரமும் கிடையாது, உடனே போக வேண்டும்.

காசநோய் என்றதும்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். வேலை போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கடன் வாங்கி விமானம் ஏறியவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் காசநோய்க்கு அஞ்சி ஒளித்த இருமல் காசநோயாகவே இல்லாமலும் போகலாம், மதனப்பள்ளிக்கு வந்த சிலருக்கு நடந்தது போல. காசநோயாகவே இருந்தாலும் அது குணமாகும் நோய். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் மருத்துவமனையில் கிடந்து சாப்பிட்டதற்கு ஈடாகக் குணமாகிறது என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. ஆறு மாதச் சிகிச்சை போதும் என்ற முடிவுக்கு உதவிய ஆய்வுகளில் சிங்கப்பூர் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றமும் இங்கே நடத்தியவையும் உண்டு.

ஆகவே தம்பி, அடுத்த முறை சிரப்போடு நின்றுவிடாதீர்கள். பலதுறை மருந்தகமோ, ஊழியர்களுக்கான மருந்தகமோ, எங்கே போனாலும் இருமல் தொடங்கிய மாதம், அது அதிகமாகும் நேரம், வேலையிடத்துத் தூசி, விழுங்கும் மாத்திரை, குடிக்கும் கஷாயம், வளர்ந்த ஊர் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயோடு, ரத்தத்தில் இயோசினோபில் எண்ணிக்கை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். புழுவால் வந்த இருமல் என்று உறுதியானால் வழக்கமாக மூன்று வாரம் மாத்திரை. அதற்குள்ளாகவே பலருக்கு ராத்திரித் தூக்கம் திரும்பிவிடும். சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் தலைகாட்டும் என்பதால், அந்தப் பரிசோதனைத் தாளைத் தூக்கி எறியாமல் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். அடுத்து பார்க்கும் மருத்துவர் இங்கே இருந்தாலும் ஊரில் இருந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.