சூடானால் நிற்கும் வண்டி

குற்றாலத்துச் சாரலில் ஒழுங்காக ஓடும் வண்டி, தென்காசி வெயிலில் நின்றுவிடும். நடுவில் இருப்பது ஐந்தாறு கிலோமீட்டர்தான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு வருமா?

அவர் தென்காசியில் வாடகை வண்டி ஓட்டுபவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 2009 மாடல் டீசல் எஸ்.யு.வி. ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசன். அந்த மூன்று மாதச் சவாரியில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம், வண்டியின் இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாமே அடங்கும். 2023 ஏப்ரலில், சீசனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, வண்டி நிற்க ஆரம்பித்தது.

ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் அடிக்கும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்!

ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போவார். போய்ச் சேரும்போது வண்டி நன்றாக இருக்கும். "வண்டில ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி" என்பார்கள். ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் அதிலும் ஒன்றும் பதிவாகியிருக்காது. இருந்தாலும் சும்மா அனுப்ப மனம் வராமல் ஒருவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். இன்னொருவர் பம்பை மாற்றினார். மூன்றாமவர் பேட்டரி ஒயரை மாற்றிவிட்டு, "நீங்க ஓட்டுறதுலதான் ஏதோ இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். கையில் இருந்த பணம் கரைந்தது. வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை.

மே மாதம் ஒரு குடும்பத்தைக் கொல்லத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். செங்கோட்டையில் டீக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் லாரி. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக்கும் ஓரிரு மிதிக்குத்தான் மெதுவாக இருக்கும், அதன்பின் இறுகிவிடும். ஒரே மிதியில் பிரேக்கைப் பிடித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கி ஓடி டயருக்குப் பின்னால் கல் வைத்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்தக் குடும்பத்தை வேறு வண்டியில் ஏற்றிவிட்டார். "பிள்ளைகள ஏத்துற வண்டியாப்பா இது?" என்று கேட்ட பாட்டிக்கு அவரிடம் பதில் இல்லை. காசும் வாங்கவில்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1983 முதல் 1995 வரை வந்த ஃபோர்டு வண்டிகள் பலவற்றில், இக்னிஷனைக் கட்டுப்படுத்தும் சிறிய மின்னணுப் பெட்டி இன்ஜின் சூடு நேராகப் படும் இடத்தில், டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தப்பட்டிருந்தது. சூடு ஏறினால் அது வேலை செய்யாமல் போகலாம், வண்டி நின்றுவிடும். ஆறியபின் சோதித்தால் சரியாக இருக்கும். அங்கும் பலர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து "ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு திரும்பினார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. 2000-ம் ஆண்டு கலிஃபோர்னியா நீதிபதி மைக்கேல் பாலச்சி வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி உத்தரவிட்டார். 2001-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆக, "சூடானால் நிற்கிறது" என்று சொல்பவரை நம்பாமல் போவது தென்காசியில் மட்டும் நடப்பதல்ல!

சரி, நம் வண்டிக்கு வருவோம்.

நான்காவதாக அவர் போனது குற்றாலம் ரோட்டில் இருந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தார்.

"தம்பி, வண்டி நின்னா இதுல எழுதுங்க. எந்த இடம், எத்தனை மணி, அதுக்கு முன்ன எவ்வளவு நேரம் ஓடுச்சு, எங்க நிறுத்தி எடுத்தீங்க. திணறித் திணறி நின்னுச்சா, சுவிட்ச அணைச்ச மாதிரி நின்னுச்சா... எல்லாம் எழுதணும்."

"அப்ப வண்டி நிக்குதுன்னு நம்புதீங்களா அண்ணாச்சி?"

"நிக்காத வண்டிக்கு யாரு தம்பி இவ்வளவு செலவழிப்பா?"

மூன்று வாரத்தில் ஏழு முறை நின்றது, ஏழையும் எழுதினார். படித்துப் பார்த்தால் கதை தெளிவாக இருந்தது. காலையில் ஒருமுறையும் நிற்கவில்லை. ஐந்தருவிப் பக்கம், சாரல் விழும் நாளில், நிற்கவே இல்லை. ஏழில் ஐந்து முறை, சூடான வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்த பிறகுதான் நின்றது. ஏழு முறையும் சுவிட்சை அணைத்தது போலத்தான்.

இதில் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் உண்டு. ஓடும் இன்ஜினை ரேடியேட்டர் தண்ணீரும் எதிர்க்காற்றும் ஆற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இன்ஜினின் இரும்பில் இருக்கும் சூடு மேலே ஏறி, பானெட்டுக்குள் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகிவிடும். டீக்கடை நிறுத்தம்தான் வண்டிக்கு மிகச் சூடான நேரம்!

ஃபில்டர் அடைத்திருந்தால் ஏற்றத்தில் இழுவை குறைந்து, திணறிய பிறகே நிற்கும். டேங்க் மூடியில் காற்றுத் துவாரம் அடைத்திருந்தால், நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும். இரண்டும் இல்லை. அப்படியானால் பிரச்சினை டீசலில் இல்லை, கரண்டில்.

அடுத்து, மெக்கானிக் நல்ல மத்தியான வெயிலில் அவரோடு ஏறிக்கொண்டார். ஆலங்குளம் ரோட்டில் ஏ.சி. போட்டு ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னார். திரும்பி வந்து பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி எடுத்தார்கள். இரண்டு தெரு தாண்டியதும் வண்டி ஆஃப் ஆனது. நின்றதற்காக அன்றுதான் இருவரும் சந்தோஷப்பட்டார்கள்.

"செல்ஃப் அடிங்க தம்பி... ஆர்.பி.எம். முள்ளப் பாருங்க."

இன்ஜின் சுற்றுகிறது. முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. அதாவது, இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. ஃப்ளைவீல் பக்கம் இருக்கும் கிராங்க் சென்சார்தான் அதைச் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு காந்தமும், அதைச் சுற்றி முடியைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். பற்கள் கடந்து போகும்போது கம்பியில் சிறு மின்துடிப்பு எழும். துடிப்பு வராவிட்டால் இந்த வண்டியின் கம்ப்யூட்டர் டீசலைத் தெளிக்காது.

உடனே சென்சாரின் பிளக்கைக் கழற்றி, அதன் பின்களிலேயே மீட்டரை வைத்தார். ஆறியிருக்கும்போது 880 ஓம் காட்டியது அது. செம்பு ஒரு டிகிரி சூடானால் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். அந்தச் சூட்டில் ஆயிரத்துச் சொச்சம் காட்டினால் சரி. ஆனால் மீட்டரில் எண்ணே வரவில்லை. கம்பியில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

மெக்கானிக் ஈரத் துண்டை எடுத்து சென்சார் மேல் போட்டார். பெட்ரோல் அம்பாசிடர் காலத்தில், மலை ஏறும்போது பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால் டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். அந்தப் பழைய வைத்தியம் இங்கே சோதனையாக உதவியது. ஐந்து நிமிடத்தில் மீட்டரில் எண் திரும்பியது. பிளக்கை மாட்டினார்கள், வண்டி ஸ்டார்ட் ஆனது.

புது சென்சார் போட்ட பிறகும் அவர் வண்டியைக் கொடுத்துவிடவில்லை. அதே மத்தியானம், அதே ரோடு, அதே பத்து நிமிட நிறுத்தம்... மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. செலவு, முன்பு மாற்றிய பம்பின் விலையில் கால்வாசிகூட இல்லை.

ஆறிய வண்டியில் சூட்டின் நோயைத் தேடினால் கிடைக்காது. உங்கள் வீட்டு வண்டியும் இப்படிச் செய்தால், பாகத்தை மாற்றும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். நிற்கும்போதே பார்க்கக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள்.

சீசன் தொடங்கிய வாரத்தில் அவர் மறுபடி புளியரை ஏற்றத்தில் போனார். செங்கோட்டையில் டீக்கு நிறுத்தினார். எஸ் வளைவு வந்ததும் கை தானாக ஹேண்ட் பிரேக் மேல் போனது. வண்டி நிற்காமல் ஏறிப் போனது.