ஐகோவின் அப்பா

இருபது வயதில் கார்ட்டூன் பார்க்கிறாளே என்று நகைக்காதீர்கள், தோழியரே! பேராசிரியப் பெருமக்களும் பொறுத்தருள வேண்டும். சென்ற மே மாத விடுமுறையில் தங்கையின் நச்சரிப்புத் தாளாமல் ஒரு ஜப்பானியத் தொடரைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கினேன். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் தமிழில் சொல்ல, அவள் கேட்பாள்.

தொடரின் பெயர் 'ஒஜமாஜோ டொரேமி'. 1999 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக ஒளிபரப்பானது. மந்திரச் சிறுமியர் கதை ஜப்பானில் பழைய சரக்கு. 1966இல் 'மந்திரக்காரி சாலி'யைத் தந்த டோயி நிறுவனமே இதையும் தயாரித்தது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி டொரேமி, ஒரு கடைக்காரக் கிழவியைப் பார்த்து, "நீ மந்திரக்காரி!" என்று சொல்லிவிடுகிறாள். சொன்ன மாத்திரத்தில் கிழவி பச்சைத் தவளைப் பிண்டமாகிவிடுகிறாள்! அவளை மீட்க டொரேமி மந்திரம் பயில வேண்டும். துணைக்கு இரு தோழியர். ஹஸுகி வசதியான வீட்டுப் பிள்ளை. ஐகோ ஒசாகாவிலிருந்து வந்தவள். நம் நெல்லைத் தமிழைச் சென்னையில் பேசினால் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படியொரு பேச்சு அவளுக்கு. அம்மா பிரிந்து போய்விட்டாள், சமையலும் இவளே. அப்பா டாக்சி ஓட்டுகிறார். அவர்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். மந்திரத்தால் பெற்றோரைச் சேர்த்துவிடலாமே என்றால், பிறர் மனத்தை மாற்றுவது அங்கே விலக்கப்பட்ட மந்திரம்.

ஐகோவைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டவர்களிடம் "வியாபாரம்" என்று சொல்லி வைத்திருந்தேன். முதலாண்டுச் சாரல் காலத்தில் தோழியர் நால்வரும் ஐந்தருவிக்குப் புறப்பட்டோம். தென்காசியில் வரிசையின் முதலில் நின்றது அப்பாவின் ஆட்டோ! என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்து, "எங்கம்மா போணும்?" என்றார். வழிநெடுகப் பேசவில்லை. இறங்கியதும் நான் நீட்டிய பணத்தையும் வாங்கிக்கொண்டார். அருவியில் நான் அழுதது எவருக்கும் தெரியாது. அங்கே எல்லார் முகமும் நனைந்துதானே இருக்கும்?

இரவு வீட்டுக்கு வந்தவர், "தண்ணி நல்லா விழுந்துதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும், மரத்தடியில் மூவரையும் உட்கார வைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் நா வறண்டுபோயிற்று. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள் ஒருத்தி. "ஆட்டோ முதுகுல உம் பேரும் உன் தங்கச்சி பேரும்லா எழுதியிருக்கு!"

இந்த ஆண்டுச் சாரலுக்கும் அதே ஆட்டோவில்தான் போனோம். அப்பா ஐந்தருவி வரை ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்.