வாப்பாவின் கடன் கணக்கும் எங்கள் லினக்ஸ் பாடமும்



வாப்பா வஃபாத்தானபோது எங்களிடம் விட்டுச் சென்றவற்றுள் ஒரு கடன் நோட்டும் இருந்தது. கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமானது. வாப்பா அதன்படி நடந்தவர். சொத்தைப் பங்கிடுவதற்கு முன் கடனை அடைத்தாக வேண்டும். ஆகவே நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பதைக் கோபாலபுரம் வீட்டின் பழைய கணினியில் அட்டவணையாக எழுதி வந்தோம்.

அந்தக் கணினியில் இருந்ததோ காசு கொடுக்காமல் ஏற்றிய விண்டோஸ். அடுத்தவர் ஹக்கைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கை அப்படிப்பட்ட ஒன்றில் வைத்திருப்பது மனத்தை உறுத்தியது. லினக்ஸ் மின்டுக்கு மாறினோம். நகலெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் அதன் உரிமமே அனுமதிக்கிறது. (ராத்தாவின் மகனுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸ் இருந்தது. அவன் அதைத் திறந்தே பார்த்ததில்லை.)

புதியவர்களுக்கு வரும் துணிச்சல் எங்களுக்கும் வந்தது. இணையத்தில் கண்ட கட்டளைகளையெல்லாம் படித்துப் பாராமல் டெர்மினலில் ஒட்டினோம். 'சூடோ' கடவுச்சொல் கேட்டால் யோசிக்காமல் கொடுத்தோம். ஒரு நாள் இஷாவுக்குப் பின், 'கடன்-பழையது' என்ற கோப்புறையை நீக்க 'ஆர்எம்' கட்டளையைத் தட்டி, பெயரின் முதலெழுத்தை இட்டு டேப் விசையை அழுத்தினோம். இரு கோப்புறைகளுக்கும் பொதுவான 'கடன்' என்பதோடு அது நின்றுவிட்டது. நாங்கள் கவனிக்காமல் என்டரை அழுத்திவிட்டோம். டெர்மினலில் நீக்கியது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை.

டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று ஆறுதல் கொண்டோம். அது இயங்குதளத்தை மீட்பதற்கான கருவி. நாமாகச் சேர்க்காவிட்டால் நம் சொந்தக் கோப்புகளை அது எடுத்து வைப்பதில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம்!

நோட்டு பத்திரமாக இருந்தது. அடைத்த விவரந்தான் போயிற்று. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, "எங்களிடம் கணக்கு அழிந்துவிட்டது, நீங்கள் சொல்வதே கணக்கு" என்றோம். வெட்கமாக இருந்தது. திருவல்லிக்கேணிப் பெரியவர் ஒருவர், "வாங்கிவிட்டேனே தம்பி, மீதியை அப்போதே ஹலாலாக்கிவிட்டேன்" என்றார். ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது ஜும்ஆ முடிந்து வந்ததும் எங்கள் கோப்புகளைத் தனி வட்டு ஒன்றுக்கு நகலெடுக்கிறோம். நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்த பிறகே வட்டைக் கழற்றுகிறோம். மற்றொரு நகல் ராத்தா வீட்டில் இருக்கிறது. புதுக் கட்டளை எதுவானாலும் அதன் கையேட்டுப் பக்கத்தை 'மேன்' வழியாக வாசிக்காமல் இடுவதில்லை. மென்பொருள்களை மின்டின் களஞ்சியத்திலிருந்தே எடுக்கிறோம்.

அட்டவணையில் ஒரு வரி மட்டும் இன்னும் நிரம்பவில்லை. பெயரும் தொகையும் வாப்பாவின் கையெழுத்தில் தெளிவாக உள்ளன. ஆள் எங்கிருக்கிறார் என்று தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.