காது மிஷினோடு ஒரு கச்சேரி

எனக்குக் காது மந்தம். முத்தியால்பேட்டையில் இது ஊரறிந்த விஷயம். குபேர் மார்க்கெட் மீன்கார அம்மா எனக்கு மட்டும் விலையை விரலைக் காட்டித்தான் சொல்வார். பேத்தி பக்கத்தில் வந்து சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் பேச ஆரம்பிப்பாள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, எழுபதைத் தாண்டினால் பாதிப் பேருக்கு இப்படித்தான்.

ஆனால் காது மந்தம் என்றால் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காது பார்க்கும் அந்தப் பெண் எனக்கு ஆடியோகிராம் எடுத்து, கோடு போட்டுக் காட்டினார். இடது பக்கம், அதாவது கனத்த, தாழ்ந்த ஒலிகள் இருக்கும் பக்கம், கோடு ஓரளவு நேராகப் போகிறது. வலது பக்கம் மாடிப்படி மாதிரி இறங்குகிறது. 4000 ஹெர்ட்ஸுக்கு வந்தால் 75 டெசிபல் கொடுத்தால்தான் எனக்குக் கேட்கிறதாம். வயதானவர்களுக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த ஒலி, அவை நிற்கும். ஸ, ச, த போன்றவை மேலே இருப்பவை, அவை போய்விடும். அதனால் யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. வீட்டில் உள்ளவர்கள் கத்துவதால் பயனில்லை. முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னால் போதும். (என் வீட்டில் இதை நான்கு முறை சொல்லிவிட்டேன். ஐந்தாவது முறை சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.)

மகன் நல்ல காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். பேச்சுக்கு அது பரவாயில்லை. பாட்டுக்குத்தான் ஆகவில்லை. அந்த மிஷின் மனிதர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நீளமாக ஒரே சுருதியில் ஒரு சத்தம் வந்தால், தானே 'கூ' என்று கத்துகிறதோ என்று அதற்குச் சந்தேகம் வந்து, அந்தச் சத்தத்தை அமுக்கப் பார்க்கும். புல்லாங்குழல் ஒரு ஸ்வரத்தில் நின்றால் எனக்கு அது நடுங்கி, ஆடி, தகர டப்பாவில் விழுந்த மாதிரி கேட்கும். சுசீலா அம்மாவின் குரலை ஒருநாள் அப்படிக் கேட்டேன். ரேடியோவை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு இரண்டு வருடம் பாட்டே போடவில்லை.

எனக்கு இருந்த பயம் வேறு. பாட்டுகள் எல்லாம் எனக்குள் பத்திரமாக இருந்தன. ராத்திரி படுத்தால் முன்னிசையிலிருந்து கடைசி வரை ஓடும், ஒரு பிசிறு இருக்காது. இந்தக் காதால் மறுபடி கேட்டால், உள்ளே இருக்கிற நல்ல பிரதியும் கெட்டுப்போகுமோ என்று பயம். ஆபீஸில் மூலக் கோப்பின் மேல் தண்ணீர் கொட்டிவிடுமோ என்று பயப்படுவோமே, அப்படி.

அப்போதுதான் கிளப்பில் அறிவிப்பு ஒட்டினார்கள். பென்ஷன்காரர்கள் கிளப் ஆனதால், 'பொருள்: மெல்லிசை நிகழ்ச்சி நடத்துதல் தொடர்பாக' என்று தொடங்கியது அறிவிப்பு. வாசிக்கப் போவது அக்கார்டியன் அண்ணனின் குழு.

அந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே எங்களுக்குப் பெரிய கண்டம் 'தித்தே'. முசே ஒரு பத்தியை முழுதாக ஒருமுறை வாசிப்பார். பிறகு துண்டு துண்டாக, காற்புள்ளி முற்றுப்புள்ளியோடு சொல்வார், நாங்கள் எழுத வேண்டும். கடைசியில் இன்னொரு முறை வாசிப்பார். ஐந்து பிழை வந்தால் சைபர். பிரெஞ்சில் 'வெர்' என்று ஒரே சத்தம்தான். பச்சை, கண்ணாடிக் கோப்பை, புழு, செய்யுள் வரி, நான்குக்கும் அதே சத்தம், நான்குக்கும் வேறு எழுத்துக்கூட்டு. காது மட்டும் இருந்தால் போதாது, முன்பின் சொற்களைப் பார்த்து எது என்று முடிவு செய்ய வேண்டும். தித்தேயில் நான் வகுப்பில் முதலாவது அல்லது இரண்டாவது. பிற்பாடு எல்.டி.சி. ஆகி ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிய காலத்தில் அது எதற்கும் உதவவில்லை. உதவியது சினிமாப் பாட்டுக்கு.

1969 தீபாவளிக்கு 'சிவந்த மண்' வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. அக்கார்டியன் அண்ணன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மில்லில் தறி ஓட்டுபவர். பகல் ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரியில் கல்யாணக் கச்சேரி வாசிப்பார். புதுப் படம் வந்த அடுத்த வாரமே ஜனங்கள் அந்தப் பாட்டைக் கேட்பார்கள். ரெக்கார்டு வாங்கக் காசு இல்லை. தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தில் வரிக்கு ஒரு பிழை. எனவே என்னைப் பிடித்தார். நான் தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து பென்சிலால் வரிகளை எழுதுவேன். விட்டுப்போனதை இலங்கை வானொலியில் பிடிப்பேன். முசே சொல்லிக்கொடுத்த அதே முறை, முதலில் முழுதாகக் கேள், பிறகு துண்டு துண்டாக எழுது, பிறகு சரிபார். சம்பளம் கிடையாது. கச்சேரியில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார இடமும், கல்யாணச் சாப்பாடும் உண்டு. பத்து வருடத்துக்கு மேல் அந்தக் குழுவுக்கு நான்தான் எழுத்தர்.

அன்று பதினான்கு பேர் இருந்தார்கள். வயலின் மட்டும் நான்கு. 'சிவந்த மண்' படத்தில் ஒரு நடனப் பாட்டுக்கு நடுவே சாட்டையடி விழும் அல்லவா? அடிக்கு அடி எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் துடிக்கும். அந்தச் சாட்டைக்காக ஒருவர் தனியாக நிற்பார். தோல் பெல்ட்டை இரண்டாக மடித்து, இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுப்பார். பந்தலில் குழந்தைகள் அலறும். அப்புறம் கீபோர்டு வந்தது. ஒரு கீபோர்டு ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பியது. பிறகு டிராக் வந்தது, பாடுகிறவர் ஒருவரும் ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் கச்சேரி முடிந்தது. அண்ணன் இரண்டையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் கல்யாணங்கள் குறைந்தன. எப்போதாவது கோயில் திருவிழா, இப்படி ஏதாவது சின்ன கிளப்.

கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடியில் ஒரு நீள அறை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. கேரம் போர்டைச் சுவரில் சாய்த்து, சீட்டு மேஜைகளை வராந்தாவில் போட்டால் அதுவே அரங்கம். மேடை கிடையாது. முதல் வரிசையில் உட்கார்ந்தால் வாசிப்பவர்களுக்கும் நமக்கும் எட்டடி தூரம். நான் முதல் வரிசையில் பேஸ் கிட்டார்காரருக்கு நேரே உட்கார்ந்தேன். மிஷினில் பாட்டுக்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது, சத்தத்தை அமுக்கும் வேலைகளை அது குறைத்துவிடும். காது பார்க்கும் பெண் அதை முன்பே போட்டுக் கொடுத்திருந்தார். இது உங்களில் பலருக்குத் தெரியாது, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு பேர் வந்தார்கள். அக்கார்டியன், வயலின், புல்லாங்குழல், பேஸ் கிட்டார், தபலா டோலக்குக்கு ஒருவர், பாங்கோஸ், பாட ஒரு பையன். பெண் குரலுக்குத் தபலாக்காரரின் மனைவி. அவரைச் சேர்த்தால் எட்டு. பழைய பதினான்கில் அண்ணனும் பாங்கோஸ்காரரும்தான் மிச்சம்.

முதல் பாட்டு 'சர்வர் சுந்தரம்' படத்தின் ஒலிப்பதிவுப் பாட்டு. 1964இல் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஒரு பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே தெரியும். எம்.எஸ்.வி. கையை ஆட்டுவார், டி.எம்.எஸ். மைக் முன் நிற்பார். இங்கே அண்ணன் தலையை ஆட்டினார். பாங்கோஸ் விழுந்தது. கேட்டது. பேஸ் கிட்டார் செருப்புக்கு அடியில் தரையாகவே கேட்டது. பிறகு வயலின் எடுத்தார்கள். வில் போகிறது, விரல் போகிறது, முதலில் கொஞ்சம் சத்தம் வந்தது. மேல் தந்தியில் ஏற ஏற அது மெலிந்து, நூலாகி, இல்லாமலே போனது. வில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வயலின் வாசித்த பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் வாசித்திருக்க வேண்டும், பக்கத்து நாற்காலி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்விடலாம் என்று அப்போது நினைத்தேன். நெஞ்சு அடைத்தது.

அடுத்து அக்கார்டியன் வந்தது. அது முழுதாக வந்தது. அக்கார்டியனின் குரல் ஆண் குரலும் பெண் குரலும் புழங்கும் நடுப் பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கும். அங்கே என் கோடு இன்னும் படியிறங்கவில்லை. துருத்தி விரியும்போது வரும் அந்தப் பெருமூச்சுகூட வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி வயலினைப் பார்த்தேன். எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று வில் காட்டிக் கொடுத்தது, மிச்சத்தை உள்ளே இருந்த பிரதி கொடுத்தது. ரேடியோவில் இது நடக்காது, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நான் அங்கே கேட்டதில் எவ்வளவு காது, எவ்வளவு கண், எவ்வளவு நினைவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பச்சையா, கோப்பையா, புழுவா என்று முடிவு செய்கிற அதே வேலைதான்.

புல்லாங்குழலில் மட்டும் மிஷின் அப்போதும் தகராறு செய்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். சத்தம் குறைந்தது, ஆனால் நடுக்கம் நின்றது. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தின் சிதார் பாட்டை அக்கார்டியனிலேயே வாசித்தார், அதை மிஷின் இல்லாமல்தான் கேட்டேன். அந்தப் பாட்டைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. என் மனைவி இருந்த காலத்தில் அடிக்கடி போடச் சொன்ன பாட்டு.

கடைசியில் சாட்டைப் பாட்டு. ஆள் இல்லாததால் பாங்கோஸ்காரரே நடுவில் எழுந்து, தன் இடுப்பு பெல்ட்டை உருவி மடித்து இழுத்தார். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் மூன்றாவது அடி தப்பியது. நாற்பது கிழவர்களும் விசில் அடித்தோம்.

முடிந்து டீ, சுண்டல் கொடுத்தார்கள். அண்ணன் அக்கார்டியனை இறக்காமலே என்னிடம் வந்தார்.

"தம்பி, ரெண்டாஞ் சரணம் அந்தப் பையன் சரியா பாடுனானா?"

"கேக்கலண்ணே. வாயப் பாத்தாவது புடிக்கலாம்னா, அவன் போனப் பாத்துக் குனிஞ்சிக்கிட்டுப் பாடறான்."

"எனக்கும் கேக்கல. அதான் உன்னக் கேட்டேன்" என்றார்.

பிறகுதான் சொன்னார். இருபத்தெட்டு வருடம் தறியில் நின்றவர். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டால் காதுக்குக் கேடு என்று இப்போது சொல்கிறார்கள். வரிசையாகத் தறி ஓடும் கூடத்தில் சத்தம் அதைத் தாண்டிப் போகும். அங்கே யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், வாயசைவும் கைச்சாடையும்தான். காதுக்கு அடைப்பான் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாதாம். முப்பது வயதுக்குள் வலது காது போய்விட்டது. வெளியே தெரிந்தால் கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும்.

"அப்ப எப்படிண்ணே வாசிச்சீங்க?"

என் கையைப் பிடித்துத் துருத்தியின் மேல் வைத்து, ஒரு கட்டையை அழுத்தினார். உள்ளங்கையில் குறுகுறுத்தது. பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பாங்கோஸ்காரரை எப்போதும் தன் இடது பக்கம், கை தெரிகிற மாதிரி திருப்பி உட்காரவைப்பார். ஐம்பது வருடமாக அதை அந்தக் குழுவின் அழகு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பையன் போனில் வைத்திருக்கிற வரிகளில் பிழை அதிகம் என்பது அண்ணனின் சந்தேகம். அடுத்த கச்சேரிக்குள் இருபது பாட்டையும் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். என் பழைய நோட்டுகள் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயலில் ஓடு பறந்து, அலமாரியோடு நனைந்து கூழாகிவிட்டன. எனவே நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். ஸ, ச, த எல்லாம் அதனதன் இடத்தில் அப்படியே இருக்கின்றன.

இதுவரை பதினான்கு முடித்துவிட்டேன். 'ஆயிரத்தில் ஒருவன்' கப்பல் பாட்டில் மட்டும் ஒரு சொல் இடிக்கிறது. அண்ணனைக் கேட்க வேண்டும். போன் செய்தால் இருவருக்கும் கேட்காது. நாளைக் காலையில் வெயிலுக்கு முன்னால் நேரிலேயே போகிறேன்.