மேலக்காட்டை விற்காதே

வடமதுரை

அன்புள்ள செல்விக்கு,

சித்தப்பா எழுதுவது.  

நம் மேலக்காட்டு நிலத்தை விற்றுவிடலாம் என்று போனில் சொன்னாய். "அங்க என்ன சித்தப்பா இருக்கு, வெறும் செம்மண்ணு" என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

தெற்கே சிறுமலை, வடக்கே அய்யலூர் மலை. நடுவில் நமக்கு ஐப்பசி கார்த்திகை மழையும் கிணறும்தான் கதி. உன் தாத்தா கமலை இறைத்து சோளமும் கடலையும் எடுத்தார். உன் அப்பா மோட்டார் வைத்துத் தக்காளிக்கு மாறினார். 1977 புயல் மழையில் அழகாபுரி அணை உடைந்தபோது அவர் தூங்காமல் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. கரண்ட் போய், ஷட்டரை முழுசாகத் தூக்க முடியவில்லை. கையால் சுற்றியும் பார்த்தார்கள். வெள்ளம் கரைமேல் ஏறி உடைத்துக்கொண்டு போய்விட்டது. மேட்டில் இருந்ததால் நம் காடு தப்பியது.

இப்போது விடியுமுன்னே மில் வேன் வந்து பொம்பளைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. களை எடுக்க ஆள் இல்லை. அய்யலூர் சந்தையில் தக்காளி விலை சில நாள் பறிகூலிக்கே காணாது. காடு தரிசாய்க் கிடப்பது இதனால்தான், மண் கெட்டதால் இல்லை.

இன்னொன்று. விற்றால், பிளாட் போடுகிறவன் முதலில் வெட்டுவது கிளுவை வேலியைத்தான். போன மாதம் ராத்திரி டார்ச் அடித்தேன், அந்த வேலியில் ஒரு தேவாங்கு. கண் ரெண்டும் செக்கச்செவேல் என்று, கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்கிற ஜீவன் அது. அதற்காகவே 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள். திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகள் சேர்ந்து 11,806 ஹெக்டேர், இந்தியாவிலேயே முதலாவது. சரணாலயக் கோட்டுக்குள் மட்டும் அது இருந்துவிடுமா? அது தாவாது; மரத்துக்கு மரம் கிளையைப் பிடித்து ஊர்ந்து போக வேலி வேண்டும் அல்லவா?

பணமுடை என்றால் மறைக்காமல் சொல்லம்மா, யோசிப்போம். இல்லையென்றால் குத்தகைக்கு விடு, நான் மேற்பார்வை பார்க்கிறேன். பவர் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே. ஆடியில் பெருமாள் தேருக்குப் பிள்ளையோடு வா, காட்டை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய். புரோக்கருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா