எல்லரி குவீனைத் தேடி ஒரு நியூயார்க் நாள்

நியூயார்க் வந்தால் லிபர்ட்டி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், சாயங்காலம் ஒரு மசால் தோசை. நம்ம குடும்பங்களின் டூர் லிஸ்ட் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். வீட்டில் துப்பறியும் கதை படிக்கிற பிள்ளை இருந்தால் இன்னும் ஒரு நாள் ஒதுக்குங்க. சப்வே டிக்கெட்டும் நடக்கத் தெம்பும் இருந்தால் போதும்.

முதலில் புரூக்ளின். ஏ ட்ரெயினில் நாஸ்ட்ராண்ட் அவென்யூவில் இறங்கி நடந்தால், மார்சி அவென்யூவில் செங்கல் கோபுரத்தோடு ஒரு பழைய பள்ளிக்கூடம் நிற்கும். பாய்ஸ் ஹை ஸ்கூல். டேனியல் நேத்தன், இமானுவேல் லெபோஃப்ஸ்கி என்று ஒன்றுவிட்ட சகோதரர்கள் இரண்டு பேர் இங்கே படித்தார்கள். இருவரும் 1905ல் புரூக்ளினில் பிறந்தவர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். வளர்ந்ததும் ஒருவர் ஃபிரெடரிக் டேனே ஆனார், மற்றவர் மான்ஃபிரெட் லீ ஆனார். சேர்ந்து நாவல் எழுதியபோது அந்தப் பெயர்களையும் மறைத்து 'எல்லரி குவீன்' ஆனார்கள். தங்கள் துப்பறிவாளருக்கும் அதே பெயர். ஆரம்பத்தில் மேடை ஏறும்போது முகமூடி வேறு!

இதைச் சொன்னதும் என் 11 வயது மகள் நடையை நிறுத்திவிட்டாள். "அவங்க ஏம்மா பேரை மாத்தினாங்க?"

அந்தக் காலத்தில் குடியேறியவர்களின் பிள்ளைகள் நிறைய பேர் அப்படிச் செய்தார்கள், வேலைக்கும் எழுத்துக்கும் அது சுலபம் என்று நினைத்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "என் ஸ்டோரில வர்ற டிடெக்டிவ் பேர் எமிலி. நம்ம பேரு வெச்சா யாரும் படிக்க மாட்டாங்கல்ல?" என்றாள்.

அவள் கதை எழுதுகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நடந்தபடியே மீதிக் கதையைச் சொன்னேன். சகோதரர்கள் 1933ல் 'மிஸ்டரி லீக்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். நாலே இதழோடு நின்றது. விடவில்லை. 1941 இலையுதிர் காலத்தில் 'எல்லரி குவீன்ஸ் மிஸ்டரி மேகஸின்' வந்தது. கையடக்க அளவு, விலை 25 சென்ட். முதல் இதழிலேயே டாஷியல் ஹாமெட், மார்ஜரி அலிங்ஹாம் கதைகள். ஆசிரியர் வேலையைப் பெரும்பாலும் பார்த்தவர் டேனே. துப்பறியும் கதையும் இலக்கியம்தான் என்பது அவர் கட்சி.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. தங்கள் பெயரை மறைத்துக்கொண்ட இவர்கள், யாருக்கும் தெரியாத பெயர்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஜேம்ஸ் யாஃபி 15 வயதில் எழுதிய கதை 1943ல் இதில் அச்சானது. பத்திரிகை நடத்திய முதல் போட்டியின் முடிவு 1946ல் வெளிவந்தது. முதல் பரிசுக் கதையில் துப்பறிபவர் ஓர் அமெரிக்கப் பழங்குடி இளைஞர். இரண்டாம் பரிசு யாருக்குத் தெரியுமா? பின்னாளில் நோபல் வாங்கிய வில்லியம் ஃபாக்னருக்கு! அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் கதை முதன்முதலாக ஆங்கிலத்தில் வந்ததும் இந்தப் பத்திரிகையில்தான், 1948 ஆகஸ்ட் இதழில். முதல் கதை எழுதுபவர்களுக்கென்றே தனிப் பகுதி இன்றும் இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கதைகளுக்கும் 2003லிருந்து ஒரு பகுதி உண்டு.

இப்படி வந்தவர்கள் அப்படியே தங்கியும்விட்டார்கள். ராச்செஸ்டர்காரர் எட்வர்ட் ஹோக் 1973 மே மாதத்திலிருந்து 2008ல் இறக்கும் வரை ஒரு இதழைக்கூடத் தவறவிடவில்லை. டேனே 1982ல் காலமானார். அவரையும் சேர்த்து முதல் 80 வருஷத்தில் மொத்தம் மூன்றே ஆசிரியர்கள். நம்ம சாஃப்ட்வேர் உலகத்தில் மூன்று வருஷத்தில் மூன்று மேனேஜர் பார்த்துவிடுகிறோம்!

மறுபடி ஏ ட்ரெயின், சேம்பர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். அங்கிருந்து சில நிமிட நடையில் வாரன் தெரு, 58ம் எண். 'மிஸ்டீரியஸ் புக்ஷாப்'. ஆட்டோ பென்ஸ்லர் 1979ல் மிட்டவுனில் தொடங்கிய கடை, பிறகு இங்கே வந்தது. தரையிலிருந்து கூரை வரை மர்மக் கதைகள், ஏறி எடுக்க ஏணி, ஷெர்லாக் ஹோம்ஸுக்கென்று தனி இடம். கிறிஸ்துமஸுக்கு எழுத்தாளர்களிடம் புதுக் கதை எழுதி வாங்கி வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற பழக்கமும் இந்தக் கடைக்கு உண்டு.

உள்ளே போனதும் மகள் அலமாரி அலமாரியாக எழுத்தாளர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். ஜப்பான் பெயர், ஸ்வீடன் பெயர், இத்தாலிப் பெயர். வாயில் நுழையாதவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இதெல்லாம் யாரோ வாங்குறாங்கதானே?" என்று கேட்டாள். "ஆமா, நீயே இப்ப ஒண்ணு வெச்சிருக்கியே" என்றேன். அவள் கையில் ஒரு ஜப்பானிய நாவலின் மொழிபெயர்ப்பு.

சங்கர்லாலும் கணேஷ்-வசந்தும் பற்றி வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னேன். தமிழ்ப் பெயர் வைத்த துப்பறிவாளர்களை, பஸ் ஸ்டாண்டு கடையில் காசு கொடுத்து வாங்கி ஒரு தலைமுறையே படித்தது என்பது அவளுக்குப் புதுச் செய்தி. "அந்த சங்கர்லால் என்ன கேஸெல்லாம் பிடிச்சாரு?" என்று விடாமல் கேட்டாள்.

நம்ம பிள்ளைகளின் பெயரை ஸ்கூலில் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள், நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம். அதே பெயரைத் தங்கள் கற்பனையிலிருந்தும் அவர்கள் எடுத்துவிடுகிறார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்க. எங்கள் வீட்டில் எமிலி இன்னும் எமிலிதான், மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் போன வாரம் அவளுக்கு ஒரு உதவியாளர் வந்திருக்கிறாள். பெயர் கயல்விழி. கொலைகாரனை முதலில் சந்தேகப்படுவது அவள்தானாம்.