துரத்துவார் இல்லாத ஓட்டம்

கொழும்பு மாநகரிலே காசு கொடாது கடற்காற்று வாங்கத்தக்க இடம் எதுவென வினவினால், சிறு குழந்தையும் காலி முகத்திடலையே சுட்டிக்காட்டும். மாலை வேளையில் அங்கே இறால் வடையும் பட்டமும் ஆட்சி புரியும். ஆயின், அத்திடலின் உண்மை முகத்தைக் காண விரும்புவோர் விடியற்காலை ஐந்தரை மணிக்கே அங்கு செல்லல் வேண்டும். வடை வண்டிகள் இல்லாத அந்நேரத்திலே சிலர் நடப்பர்; சிலர் ஓடுவர். ஓடுவாருள் நாமும் ஒருவர்.

கடலோரமாகச் செல்லும் அந்நடைபாதையை அமைக்கும் வேலையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 ஆம் ஆண்டிலே தொடக்கினார். 1859 இல் அது நிறைவெய்தியது. கொழும்பு நகரத்துப் பெண்மணிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதித் தமக்குப் பின் வருவோர் இதனைப் பேணவேண்டுமென அவர் காலத்துக் கல்லொன்று கூறுகின்றது. ஆடவரைப் பற்றி அக்கல்லிலே ஒரு சொல்லும் இல்லை. ஆகவே, தொந்தி குலுங்க ஓடும் எம் போன்ற ஆடவர் பெண்மணிகளின் தயவினாலேயே அங்கு ஓடுகின்றோம் என்பதை மறத்தலாகாது.

அக்காலத்தில் அத்திடலிலே குதிரைப் பந்தயங்கள் நடைபெற்றன. 1893 இல் பந்தயம் கறுவாத் தோட்டத்துக்கு இடம் மாறியது. குதிரைகள் பாய்ந்த தரையிலே இப்போது நாம் ஓடுகின்றோம். எம்மைக் காணும் எவரும் எம்மீது பணம் கட்டத் துணியார்.

நடைபாதையின் நீளம் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர். ஆகவே, நெடுந்தூரம் ஓட விரும்புவோர் இம்முனைக்கும் அம்முனைக்குமாகப் பல தடவை திரும்புதல் வேண்டும். ஒரு நாட் காலை தேநீர் விற்கும் முதியவர் ஒருவர் எம்மை மறித்து, “ஐயா, பஸ்ஸை விட்டுட்டீங்களா?” என இரக்கத்தோடு வினவினார். இல்லையென்றோம். “அப்ப எங்க போறீங்க?” என்றார். அந்த முனைக்கு என்றோம். “அப்புறம்?” என்றார். இந்த முனைக்கு என்றோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்து, காசு வாங்காமலே ஒரு கோப்பை தேநீரை நீட்டினார். அஃது எமது உடல்நலம் கருதியா, மனநலம் கருதியா என்பதை நாம் விசாரிக்கவில்லை.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பயணம் எம்மவர்க்குப் புதிதன்று. கோயிலை வலம் வருவோர் எந்த ஊருக்குப் போய்ச் சேர்கின்றனர்? மாம்பழத்துக்காக நடந்த பந்தயத்தை அறியாத சைவக் குழந்தை இல்லை. முருகப்பெருமான் மயிலேறி உலகைச் சுற்றப் பறந்தார். பிள்ளையாரோ அம்மையப்பரைச் சுற்றி வந்து பழத்தைப் பெற்றுக்கொண்டார். தொந்தியோடு பந்தயம் வென்றவர் அவர் ஒருவரே என்பது எமக்குப் பெரும் ஆறுதல். வேகத்திலும் தூரத்திலும் அன்று, எதனைச் சுற்றுகின்றோம் என்பதிலேயே பயன் உண்டு என்பதும் அக்கதையிலே அடங்கியுள்ளது.

காற்றும் ஓர் ஆசானே. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வீசும். வடக்கு நோக்கி ஓடுகையில் கால்கள் தாமாகவே பாயும். இளமை திரும்பிவிட்டது, ஒலிம்பிக் குழுவினர் எம்மைத் தேடி வருவர் என்றெல்லாம் எண்ணுவோம். முனையை அடைந்து தெற்கே திரும்பியதும் காற்று நெஞ்சிலே கைவைத்துத் தள்ளும். அப்போதுதான் சற்று முன் ஓடியது நாமல்லோம், காற்றே என்பது விளங்கும். வாழ்க்கையிலே எமது திறமை என நாம் பெருமை பேசுபவற்றுள் முதுகின் பின்னே வீசிய காற்று எவ்வளவு என்பதைத் திரும்பி ஓடினாலன்றி அறிய முடியாது.

திடலிலே திரியும் நாயொன்றும் எமக்குப் பாடம் புகட்டியது. நாம் ஓடினால் அது குரைத்துத் துரத்தும்; நின்றால் தானும் நின்று வாலை ஆட்டும். அதற்கு எம்மீது பகை இல்லை. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. அஞ்சி ஓடுவோர் பின்னேயே அச்சமும் ஓடிவரும் என்பதை நான்கு கால் ஆசிரியர் ஒருவரிடம் கற்றோம்.

எனினும், துரத்தப்படுதல் எப்போதும் நகைப்புக்குரியதன்று. இலங்கைத் தமிழர் வீடுகளிலே ‘ஓட்டம்’ என்னும் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. 1958 இல் ஓடியவர், 1977 இல் ஓடியவர், 1983 இல் ஓடியவர் என வீட்டுக்கு ஒருவரேனும் இருப்பர். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் கைக்குழந்தைகளையும் வயோதிபரையும் சுமந்துகொண்டு தென்மராட்சி நோக்கி நகர்ந்ததை எவர் மறப்பர்? போர்க்காலக் கொழும்பிலே, அதிகாலையில் வீதியால் ஓடும் தமிழ் இளைஞனைக் கண்டு, இவன் உடற்பயிற்சி செய்கின்றான் என எண்ணுவார் அரியர். சப்பாத்தை மறந்தாலும் அடையாள அட்டையை மறவாது வெளியே சென்ற காலம் அது. துரத்துவார் இன்றி, மூட்டை முடிச்சு இன்றி, வீடு திரும்புவோம் என்னும் நிச்சயத்தோடு ஓடுதல் எத்துணைப் பெரிய பேறு என்பதை அக்காலத்தைக் கண்டவர் அறிவர்.

இதே திடலிலே ஓடாதிருந்தவர்களும் உளர். 1956 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்ட மசோதாவை எதிர்த்து, திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையிலே தமிழரசுக் கட்சியினர் அன்றைய பாராளுமன்றத்துக்கு எதிரே சத்தியாக்கிரகம் இருந்தனர். காடையர் சூழ்ந்து தாக்கினர், பலர் காயமுற்றனர். அவர்கள் திருப்பி அடிக்கவில்லை. ஓடுவதற்கு வேண்டிய வலிமை கால்களிலே உண்டு. அடி விழும்போது அமர்ந்திருப்பதற்கு வேண்டிய வலிமை எங்கே உண்டென்பதை, அப்பழைய கட்டடத்தைக் கடந்து ஓடும் ஒவ்வொரு காலையிலும் நாம் எண்ணிப் பார்க்கின்றோம். மூச்சு வாங்குகையில் தற்பெருமை தோன்றுவதில்லை. ஆகவே அவ்வெண்ணத்துக்கு அது தகுந்த நேரமே.

அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2022 இல், அத்திடல் மீண்டும் மக்களால் நிரம்பியது. அவ்வாண்டு மே 18 ஆம் திகதி முள்ளிவாய்க்காலிலே மாண்டோர் நினைவாக அங்கே கஞ்சி வழங்கப்பட்டது. பல இனத்தவரும் அதனைப் பருகினர். அதனால் எல்லாம் மாறிவிட்டது எனக் கூறுவாரும் உளர். ஒன்றும் மாறவில்லை எனக் கூறுவாரும் உளர். நாம் கண்டது இவ்வளவே: இன்று விடியற்காலையில் எதிரே ஓடிவருவோர் எம்மைக் கண்டு தலையசைக்கின்றனர். பெயரையோ மொழியையோ எவரும் கேட்பதில்லை. கேட்பதற்கு எவரிடமும் மூச்சும் இல்லை. இது சிறிய சமாதானந்தான். ஆயினும், நாள்தோறும் தவறாது கிடைக்கின்றது.

வாசக நேயர்களே, கொழும்புக்கு வரும்போது ஒரு நாளேனும் வைகறையில் எழுந்து பிள்ளைகளைக் காலி முகத்திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெரியோர் அமர்ந்திருந்த இடத்தை முதலிலே காட்டுங்கள். பின்னர் அவர்களை ஓடவிடுங்கள். விழுந்தெழும்பிச் சிரித்துக்கொண்டு ஓடட்டும். சேர் ஹென்றி வார்ட்டின் கல்லிலே எமக்கு இடமில்லாவிடினும், அவர்களுக்கு இடமுண்டு.